ஐஸ் ஹவுஸில் படித்தவர்கள்

எங்கள் எதிர் வீட்டு அம்மாள் நாற்பத்திரண்டாவது வயதில் பி.எட். கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். பெண் பிளஸ் டூ படிக்கிறாள், பிள்ளை எட்டாவது. முதல் நாள் வகுப்புக்குள் இவர் நுழைந்ததும், பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை, வயதில் இவருக்குப் பத்து வருஷம் இளையவர், யாரோ மாணவியின் தாயார் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாராம். கூடப் படிக்கும் பெண்கள் 'ஆன்ட்டி' என்கிறார்களாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாதிரிப் பாடத்துக்காக அட்டையில் படம் வரைந்துகொண்டிருப்பார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த விளக்கு தெரியும்.

"இந்த வயசில் இது தேவையா என்று கேட்கிறார்கள் சார். நீங்கள் கதை எழுதுகிறவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார் ஒரு நாள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. தைரியம் மட்டும் வரவில்லை. ஆகையால் நேரடியாகப் பதில் சொல்லாமல், என் பாட்டியின் அத்தையைப் பற்றிச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அது ஒருத்தியின் கதை அல்ல, சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஒரு வீட்டின் கதையும் கூட என்று பட்டது.

அந்த வீடு விவேகானந்தர் இல்லம். 1963-இல், சுவாமிஜியின் நூற்றாண்டு விழாவின்போது அதற்கு அந்தப் பெயர் சூட்டினார்கள். பழைய தலைமுறைக்கு அது ஐஸ் ஹவுஸ். ஃப்ரெடரிக் டூடர் என்ற அமெரிக்க வியாபாரி, தம் ஊர் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்ப, அதைச் சேர்த்து வைப்பதற்காக 1842-இல் கட்டிய கிடங்கு. பனிக்கட்டியை இங்கேயே இயந்திரத்தில் செய்யக் கற்றுக்கொண்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். இந்த விஷயங்கள் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கே யார் இருந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. விதவைகள் இருந்தார்கள். பாதிப் பேர் குழந்தைகள். சிலேட்டும் பலகையுமாகப் படித்து, உபாத்தியாயினிகளாக வெளியே போனார்கள்.

இதைச் செய்தவர் ஆர். எஸ். சுப்பலக்ஷ்மி. 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர்க் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி பால்யத்திலேயே விவாகம். கல்யாணத்தின் அர்த்தம் தெரிவதற்குள் புருஷன் போய்விட்டான். தகப்பனார் சுப்ரமணிய ஐயர் செய்த காரியம் அந்த நாளில் சாமானியமானதல்ல. பெண்ணின் தலையை மழிக்க அவர் சம்மதிக்கவில்லை. மூலையில் உட்கார வைக்கவும் சம்மதிக்கவில்லை. வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். பிறகு எழும்பூரில் கன்யாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதன் பிறகு காலேஜ். 1911-இல் சுப்பலக்ஷ்மி ராஜதானிக் கல்லூரியிலிருந்து முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண் அவர்.

பட்டம் வாங்கிய கையோடு அவர் வீட்டில் சும்மா உட்காரவில்லை. எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நான்கு பிராமண விதவைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் பிறந்தது. வாலாம்பாள் என்ற சித்தி கூட இருந்தாள். அவளும் பால்ய விதவை. புத்தகத்தை மருமகள் பார்த்துக்கொண்டாள், அடுப்பைச் சித்தி பார்த்துக்கொண்டாள். இந்தச் சித்தியைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். படித்தவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைக்கிறது. படித்தவர்களுக்குச் சோறு போட்டவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

சர்க்கார் இதற்கு உதவியது. சர்க்கார் உதவுகிறது என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது அப்போது பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்தார். பெண் பள்ளிக்கூடங்களைத் திறந்தால் பெண் உபாத்தியாயர்கள் வேண்டும். ஆண் வாத்தியாரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயாராக இல்லை. மேல்ஜாதி ஹிந்துக் குடும்பங்களில் கல்யாணமாகாத வயது வந்த பெண் என்று ஒருத்தி கிடையாது. கல்யாணமானவள் வெளியே வரமாட்டாள். மிச்சம் யார்? வாழ்க்கை முடிந்துவிட்டதாக வீட்டார் தீர்மானித்துவிட்ட விதவைதான் மிச்சம். லிஞ்சுக்கு உபாத்தியாயினிகள் வேண்டியிருந்தது. சுப்பலக்ஷ்மிக்கு விதவைகளுக்கு ஒரு பிழைப்பு வேண்டியிருந்தது. இரண்டு கணக்கும் ஒரே விடையில் வந்து நின்றன.

பெண்கள் அதிகமாக அதிகமாக வீடு போதவில்லை. இடம் மாறி மாறி, முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தார்கள். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திண்ணைக்குத் திரும்பி, ஒரு சொம்பு ஜலம் குடித்துவிட்டு மறுபடி புறப்படுகிற ஊர் இது. அந்த ஊரில், கடற்கரைச் சாலையில், விதவைகள் கூட்டமாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1914-இல் அதே சாலையில் பெண்களுக்கென்று சர்க்கார் கல்லூரி திறந்தார்கள். டோரதி டி லா ஹே முதல் பிரின்சிபால். 1917-இல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வந்தது. ஐஸ் ஹவுஸிலிருந்து நடந்தே போகலாம். 1922-இல் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. சுப்பலக்ஷ்மியே அதற்குத் தலைவி. ஆரம்பப் பள்ளிக்கு, நடுத்தரப் பள்ளிக்கு, உயர்நிலைப் பள்ளிக்கு என்று மூன்று விதப் பயிற்சி. பாடம் நடத்திப் பழகப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவள் எல்.டி.யாகப் போகிற வரையில் அந்தக் கடற்கரையிலேயே ஏற்பாடு இருந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே. மடி, ஆசாரம், ஏகாதசி எல்லாம் உண்டு. இப்படி நடத்தியிராவிட்டால் ஒரு தகப்பனும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டான் என்று சமாதானம் சொல்கிறார்கள். அதில் நிஜம் இருக்கிறது. ஆனால் குழந்தையில் தாலி அறுந்தவர்கள் மற்ற ஜாதிகளிலும் இருந்தார்கள். ஊர்ப் பணத்தில் நடந்த ஸ்தாபனத்தின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அம்மையார் மேல் எனக்கு இருக்கிற மரியாதை பெரிது. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

வயதும் ஒரு தடையாக இருந்தது. பத்து, பன்னிரண்டு வயதில் வருகிறவளைப் படிக்க வைப்பது சுலபம். இருபத்தைந்து வயதுக்காரி என்ன செய்வாள்? 'அம்மா, இலை, ஈ' என்று ஆறு வயதுக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். வெட்கம் ஒரு பக்கம். பதினைந்து வருஷம் கரண்டி பிடித்த விரல் பென்சிலுக்கு வளையாதது இன்னொரு பக்கம். இதைக் கண்டுதான் 1927-இல், வயது வந்த விதவைகளுக்கென்று, சுப்பலக்ஷ்மி சாரதா வித்யாலயத்தை விடுதியோடு ஆரம்பித்தார். வாழ்க்கையை ஒரு முறை முடித்துவிட்டவளுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு உண்டு என்று நம் பக்கத்தில் அழுத்தமாகச் சொன்ன காரியம் இது. 1938-இல் அந்த வித்யாலயம் ராமகிருஷ்ண மிஷனிடம் போயிற்று.

இங்கேதான் எங்கள் அத்தைப் பாட்டி வருகிறாள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். 1927-இல் அவளுக்கு வயது இருபத்து மூன்று. பதினோரு வயதிலிருந்து நார்மடிப் புடவை. அண்ணா, மன்னி, அவர்களுடைய ஆறு குழந்தைகள், சமையலறை. இதுதான் அவளுடைய உலகம். அக்கிரகாரத்துக் குழந்தைகளுக்கு அரிசியைப் பரப்பி அரிச்சுவடி எழுத வைத்தவள் அவள்தான். அவளுக்கு அரிச்சுவடிக்கு மேல் தெரியாது. வாய்க்கணக்கு மட்டும் அபாரமாக வரும். பக்கத்து ஊர் விதவை ஒருத்தி சென்னைக்குப் போய்ப் படித்து, உபாத்தியாயினியாகி, விடுமுறைக்குக் குடையும் கையுமாக வந்து இறங்கினாளாம். அந்தக் குடை அத்தைப் பாட்டியின் மனசில் விழுந்துவிட்டது.

ஒரு நாள் பரிமாறி முடித்த பிறகு அண்ணாவிடம் கேட்டாள்: "அண்ணா, பெரியவாளுக்கெல்லாம் தனியாப் பள்ளிக்கூடம் போட்டிருக்காளாம். என்னையும் அனுப்பி வையுங்கோளேன்."

அவர் உடனே பதில் சொல்லவில்லையாம். கையலம்பிவிட்டு வந்து, "ஊர் என்ன சொல்லும்?" என்றாராம். மறுநாள், "இந்த வயசில் படிப்பு ஏறுமா?" என்றாராம். மூன்றாம் நாள்தான் மன்னியின் வாயிலிருந்து நிஜம் வந்தது. "நீ போயிட்டா இந்த ஆறையும் யாரு பார்த்துக்கறது?"

அந்த அண்ணாவைக் கொடுமைக்காரர் என்று நான் எழுத மாட்டேன். தங்கைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் அவர் கடைசி வரை நம்பியிருப்பார். ஆனால் சம்பளம் இல்லாத சமையற்காரியும் ஆயாவுமாக ஒருத்தி வீட்டில் இருப்பதை இழக்க யாருக்கு மனசு வரும்? சாஸ்திரம், ஊர், வயசு எல்லாம் முன்னால் வந்து நின்றன. அடுப்பு பின்னால் ஒளிந்துகொண்டது. ஐஸ் ஹவுஸின் சரித்திரத்தில் வந்தவர்களுக்குக் கணக்கு உண்டு. இப்படி வராமல் போனவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

எங்கள் ஜாதி எழுத்தாளர்களும் இதில் கொஞ்சம் குற்றவாளிகள்தான். விதவையைப் பற்றி அந்தக் காலத்தில் நிறையவே எழுதினார்கள். அ. மாதவையா 1903-லேயே 'முத்துமீனாக்ஷி' எழுதினார். அதில் அவளுக்கு மறுமணம் நடக்கிறது. அது அன்றைக்குப் பெரிய துணிச்சல், சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகு கதைகளில் விதவைக்கு இரண்டே வழிதான் இருந்தது: கல்யாணம், இல்லாவிட்டால் கிணறு. முப்பது வயதில் பெஞ்சில் உட்கார்ந்து பின்னக் கணக்கோடு மல்லாடி, மாதச் சம்பளம் வாங்கி, தாயாருக்கு மணியார்டர் அனுப்பியவளை நாங்கள் கதாநாயகியாக்கவில்லை. அதில் 'கதை' இல்லை என்று நினைத்துவிட்டோம்.

சுப்பலக்ஷ்மி 1941-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்று, மறுபடியும் வயது வந்த பெண்களுக்காகத்தான், ஒரு பள்ளியை ஆரம்பித்தார். அவருக்கு அந்தப் பெஞ்சுகள் ஞாபகம் இருந்திருக்கின்றன. அதே மயிலாப்பூரில் சில வருஷங்களுக்கு முன்பே இன்னொரு பெண்மணியும் இதே வேலையில் இறங்கியிருந்தார். துர்காபாய், எட்டு வயதில் நடந்த கல்யாணத்தை உதறிவிட்டு வந்தவர். உப்பு சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போய் வந்த பிறகுதான் காசி சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். அதே பரீட்சைக்கு மற்றப் பெண்களையும் தயார் செய்தார். அது ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. பிற்பாடு மத்திய சமூக நல வாரியத்தின் தலைவியானபோது, 1958-இல், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கென்று பல வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் சுருக்கிச் சொல்லும் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தார். அப்படித் தேறியவர்கள் கிராமங்களில் ஆசிரியைகளாகவும் நர்ஸுகளாகவும் போனார்கள். அந்த வருஷமே சுப்பலக்ஷ்மிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 டிசம்பரில், வைகுண்ட ஏகாதசியன்று அவர் காலமானார்.

இவ்வளவையும் எதிர் வீட்டு அம்மாள் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு ஐஸ் ஹவுஸைத் தெரியும். பஸ் நிறுத்தத்தின் பெயராகத் தெரியும். "அந்த அத்தைப் பாட்டி அப்புறம் என்ன ஆனாள்?" என்றுதான் கேட்டார்.

அண்ணாவின் ஆறு குழந்தைகளையும் வளர்த்தாள். அவர்களுடைய குழந்தைகளையும் வளர்த்தாள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு எண்பதுக்கு மேல். கண் மங்கிவிட்டது. நான் ஒன்றாம் வகுப்பு. சென்னையிலிருந்து லீவுக்குப் போயிருந்தேன். என் சிலேட்டை வாங்கி, எழுதியிருந்ததை விரலால் தடவிப் பார்ப்பாள். சுண்ணாம்பு விரலில் ஒட்டிக்கொண்டு எழுத்து அழிந்து போகும். நான் அழுவேன். "இரு, இரு, நான் போட்டுத் தரேன்" என்று நடுங்கும் கையால் ஒரு 'அ' போடுவாள். அது மட்டும் அச்சு மாதிரி இருக்கும்.

ஒரு தடவை கேட்டாள்: "ஏண்டா, பட்டணத்தில் ஐஸ் ஹவுஸ்னு ஒண்ணு இருக்காமே, பார்த்திருக்கியோ?"

"இல்லை, பாட்டி."

"அங்கே மாடியில் நின்னாச் சமுத்திரம் தெரியுமாம்" என்றாள், அந்தக் குடைக்காரி சொல்லியிருக்க வேண்டும். பிறகு சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா பார் என்று யாரையோ கூப்பிட்டாள்.

எதிர் வீட்டு அம்மாளுக்கு மறுநாள் மாதிரிப் பாடம் இருந்தது. ஏழாம் வகுப்பு, பின்னங்கள். அட்டையில் ஒரு தோசையை நான்காக வெட்டி வரைய வேண்டும் என்று எழுந்து போனார்.