துள்ளும் காரை அடக்கிய எண்ணெய்

ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டி ஐம்பதடி போன பிறகும் உங்கள் கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகிறதா? உடனே ‘ஸ்பிரிங் போச்சு!’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஸ்பிரிங் பாவம், தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது. அமுங்கி எழுந்து ஆடுவதுதான் அதன் சுபாவம். ‘போதும், நிறுத்து’ என்று அதை அதட்டுகிற ஆளைத்தான் காணோம்! அந்த ஆளைக் கண்டுபிடிக்க மனிதனுக்குக் கிட்டத்தட்ட 100 வருஷம் ஆயிற்று.

கதை குதிரை வண்டியில் ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்து கோச் வண்டிகளின் கூண்டைத் தோல் வார்களில் ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1804-ல் லண்டனைச் சேர்ந்த ஒபதயா எலியட் என்பவர் ஒரு வழி சொன்னார். வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வில்லாக்கி, இரண்டு வில்களை எதிரெதிராகச் சேர்த்து, அதன் மேல் வண்டியை உட்கார வைத்தார். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்கும் லாரிகளுக்கு அடியில் நீங்கள் பார்க்கிற பட்டைகளுக்கு அது நெருங்கிய உறவு.

குதிரையின் வேகத்துக்கு இது போதுமானதாக இருந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கிவிடும். மோட்டார் கார் வந்து வேகம் கூடியதும்தான் வம்பு ஆரம்பித்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்த சக்கரம் துள்ளிக்கொண்டே போயிற்று. துள்ளுகிற சக்கரம் தரையைச் சரியாகத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது! ஆக, விஷயம் சொகுசு அல்ல... உயிர்.

விடை சைக்கிளிலிருந்து வந்தது. ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர், சைக்கிளின் முன்பக்க ஸ்பிரிங் ஆடாமலிருக்க, உரசும் தகடுகளை வைத்து ஒரு கருவி செய்திருந்தார். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார். ‘அட, இதைக் காரில் மாட்டினால் என்ன?’ என்று 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் மாட்டியும் காட்டினார். ஆனால், உரசுகிற தகடு தேயும். அதனால் மோரிஸ் ஹூடாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எண்ணெயைப் பிடித்தார். ஒரு சின்னத் துளை வழியாக எண்ணெயை நெருக்கித் தள்ளினால் அது சண்டித்தனம் செய்யும் இல்லையா? அந்தச் சண்டித்தனம்தான் துள்ளலை அடக்குகிறது. துள்ளலின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைத் தயாரித்த ஹென்றி ஃபோர்டு, இந்தச் சமாசாரம் எதுவும் இல்லாமல்தான் அவற்றை விற்றார். 1927-ன் கடைசியில் வந்த மாடல் ஏ-யில்தான் நான்கு சக்கரங்களுக்கும் ஹூடாய் கருவியைப் பொருத்தினார். அப்புறம் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் பரவியது. சுருளில் உரசுவதற்கு எதுவும் இல்லாததால், எண்ணெய்க் குழாய் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. ஸ்பிரிங்கையும் குழாயையும் ஒரே தூணாக இணைத்தவர் ஏர்ல் மெக்ஃபர்சன். 1950-ல் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல் அதோடு வந்தது. நம்மூரில் 1983-ல் வந்த மாருதி 800-ன் முன்சக்கரங்களிலும் அதே ஏற்பாடுதான்.

இனி உங்கள் காருக்கு வருவோம். முதலில் டயரில் காற்று சரியா என்று பாருங்கள். அளவுக்கு மீறி அடித்திருந்தாலும் குதிக்கும். அடுத்து, சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் உடம்பு பாரத்தோடு மூன்று நான்கு முறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு, மூன்று தடவை ஆடினால் அந்த மூலையில் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. குனிந்து பாருங்கள், குழாயில் எண்ணெய் ஈரமாக வழிந்திருக்கலாம். டயரை உள்ளங்கையால் தடவினால் குழி குழியாகத் தேய்ந்திருக்கலாம். இதிலெல்லாம் ஒன்றும் தெரியாமல், ஓட்டும்போது மட்டும் ஆடுகிறதென்றால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கையால் அழுத்துகிற சோதனைக்கு எல்லாக் கோளாறும் சிக்குவதில்லை.

பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி என்றிருக்கும் கார்களில், கை தேர்ந்தவர்கள் வீட்டிலேயே மாற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஆக்ஸிலுக்கும் முட்டுக் கொடுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஜோடி சேராது.

முன்பக்கத்து மெக்ஃபர்சன் தூணில் மட்டும் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங் அங்கே நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு அமுங்கிக் கிடக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் உச்சி நட்டைக் கழற்றினால் பீரங்கி மாதிரி பாயும். ஆளையே கொன்றுவிடும். அது ஒர்க்‌ஷாப் வேலை. முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ‘ஷாக் அப்சார்பர்’ என்ற பெயரே தப்பு! அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான், இவர் ஆட்டத்தை அடக்குபவர். பெயர் மாறிப்போனதால்தான் குதிக்கிற காரைப் பார்த்து எல்லோரும் ஸ்பிரிங்கைத் திட்டுகிறார்கள். நீங்களாவது அதற்குக் கொஞ்சம் நியாயம் செய்யுங்கள்!