கனவுத் துயிலும் அதன் நோயும்

சைவ நூல்கள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என அவத்தை ஐந்தென வகுத்து, கனவு நிலையைக் கனவற்ற உறக்கத்தினின்றும் வேறாகவே எண்ணின. அஃது ஆன்மாவின் நிலை பற்றிய ஆய்வு. உடற்றொழிலியலார் கண்ட உண்மைகளை நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என இதுகொண்டு பெருமை பேசுதல் பொருந்தாது. எனினும், மேனாட்டு அறிஞருட் பெரும்பாலார் 1953ஆம் ஆண்டுவரை துயிலை ஆழத்தால் மட்டுமே வேறுபடும் ஒரே ஓய்வு நிலையாகக் கருதினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்கருத்தை மாற்றிய ஆராய்ச்சி அமெரிக்காவிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே துயிலாராய்ச்சிக்குத் தம் வாழ்நாளை அளித்த நதானியேல் கிளைற்மன் என்னும் பேராசிரியர் இருந்தார். 1938இல் கெந்தக்கி மாநிலத்து மாமத் குகையினுள் 32 நாள் தங்கி, இரவு பகல் அறியாவிடத்து உடல் தன் துயிற்காலத்தை மாற்றிக்கொள்ளுமோ எனத் தம்மையே சோதித்தவர் அவர். அவரிடம் மாணவராய்ச் சேர்ந்தார் யூஜீன் அசெரின்ஸ்கி. இவர் முதற் பட்டம் பெறாமலே ஆராய்ச்சி மாணவராக ஏற்கப்பட்டவர். குடும்பச் சுமையும் பணமுடையும் உடையவர். வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்ற என் போன்றார்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தருவதே.

கட்டடத்தின் அடித்தளத்திற் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மூளைமின் பதிகருவி ஒன்றை அவர் செப்பஞ் செய்தார். 1951 டிசெம்பரில் ஓரிரவு, தம் எட்டு வயது மகனின் கண்ணருகிலும் தலையிலும் மின்வாய்களைப் பொருத்தித் துயிலவிட்டு, வேறோர் அறையிலிருந்து கருவியை நோக்கினார். சிறுவன் உறங்கி நெடுநேரஞ் சென்றபின், எழுதுகோல்கள் திடீரெனத் துள்ளலாயின. விழித்திருப்பவனுடைய கோடுகள் போன்றே அவை இருந்தன. மகன் எழுந்துவிட்டான் போலும் என்றெண்ணி உட்சென்று பார்த்தார். அவனோ ஆழ்ந்து உறங்கினான். கருவியின் பழுதென்று அதனைத் தள்ளிவிடுதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் தள்ளவில்லை. இரு கண்களையும் தனித்தனியே பதிந்து, அசைவு மெய்யானதே எனத் தெளிந்தார். கிளைற்மனோ எளிதில் நம்புபவரல்லர். தம் மகளையே துயிலச் செய்து நேரிற் கண்ட பின்னரே உடன்பட்டார்.

இருவரும் 1953இல் வெளியிட்ட கட்டுரை மிகச் சிறியது. கண்ணசைவு நிகழும்போது 27 முறை எழுப்பி வினவியதில் 20 முறை தெளிவான கனவு கூறப்பட்டது. கண்ணசையாப்போது 23 முறை வினவியதில் 19 முறை யாதும் நினைவில்லை. விரைவுக் கண்ணசைவுத் துயில் என அந்நிலை பெயர் பெற்றது. அசெரின்ஸ்கியோ அவ்வாண்டே சிக்காகோவை விட்டு, மீன்களைப் பற்றிய ஆய்வுக்குச் சென்றுவிட்டார்! கிளைற்மனின் மற்றொரு மாணவரான வில்லியம் டெமென்ற் அப்பணியைத் தொடர்ந்து, அந்நிலை ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை மீள்வதை 1957இல் ஆசிரியரோடு சேர்ந்து காட்டினார்.

இனிப் பிரான்சு தேசத்து லியோன் நகருக்குச் செல்வோம். அங்கே மிஷேல் ஜூவே என்பார் பூனைகளை ஆராய்ந்து, அத்துயிலின்போது மூளை விழித்ததுபோல் இயங்க, உடற்றசைகள் முற்றும் தளர்ந்து கிடத்தலை 1959இல் வெளிப்படுத்தினார். அதற்கு முரண் துயில் எனவும் பெயரிட்டார். மூளைத் தண்டின் பாலம் எனும் பகுதியில் ஒரு சிற்றிடத்தைச் சிதைத்தபோது அத்தளர்ச்சி நீங்கிற்று. 1965இல் அவர் விவரித்த அப்பூனைகள் துயிலிலேயே எழுந்து நின்றன. இல்லாத இரையைப் பதுங்கிப் பாய்ந்தன. எதிரில் வைத்த பொருளையோ கண்டில. வாயற்ற உயிர்கட்கு இழைத்த இத்துன்பம் எனக்கும் உவப்பன்று. ஆயின் இருபதாண்டின் பின் மனிதர் நோயொன்றை விளக்கியது இதுவே.

மினியாப்பொலிஸ் நகரத்து வைத்தியர்களான கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் முதலியோர் 1986இல் முதியோர் ஐவரைப் பற்றி எழுதினர். பகலிற் சாந்தமானவர்கள் இரவிற் குத்தினர், உதைத்தனர், படுக்கையினின்றும் பாய்ந்தனர். பந்தாட்டத்தில் எதிரியை மோதுவதாகக் கனவு கண்ட ஒருவர் அறையிலிருந்த அலுமாரியின்மீது மோதினார். நம் ஊரிலாயின் பேய் பிடித்ததென்றோ, மனைவிமேற் பகையென்றோ பேசுவர். ஜூவேயின் பூனைகளிற் போலவே, இவர்களிடத்தும் தசைத் தளர்ச்சி நீங்கியிருந்தது.

இந்நோய் பின்வருவதொன்றின் முன்னறிகுறி என்பது மெல்லவே புலனாயிற்று. 1996இல் அவ்வைத்தியர் குழு, வேறு நோய் காணப்படாத 29 ஆடவருள் நூற்றுக்கு 38 பேர் பாக்கின்சன் வகை நோய்க்கு ஆளாயினர் என அறிவித்தது. பல நாடுகளின் 1,280 நோயாளரை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த முடிவு, பன்னீராண்டில் நூற்றுக்கு 73 பேருக்கு மேற்பட்டோர்க்குப் பாக்கின்சன் நோயோ மறதிநோயோ அவற்றையொத்த வேறொன்றோ தோன்றும் எனக் கணிக்கிறது. அல்பா சினுக்கிளீன் எனும் புரதம் மூளைத் தண்டிற் படிந்து, கை நடுங்குதற்குப் பல்லாண்டு முன்னரே துயிலைக் காக்கும் கலங்களைக் கெடுக்கிறது என்பர்.

குளோனசெப்பாம், மெலற்றோனின் ஆகியன இரவுத் தாக்குதல்களைப் பெரும்பாலும் தணிக்கும். பின்வரும் நோயைத் தடுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே, நலமாய் நடமாடும் ஒருவரிடம் வருவதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது வைத்தியரிடையே முடிவுறா வாதமாய் உள்ளது. அறிய வேண்டுமா என நோயாளியையே முதலில் வினவுதல் தகும் என்பது என் கருத்து.