முதல் இஸ்லாமியக் கடற்படை: ரோமர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள்?

ஹிஜ்ரி 25-ல் (கி.பி. 645) அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் ரோமர்களின் போர்க்கப்பல்கள் நுழைந்தன. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்நகரம் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் உடன்படிக்கை செய்து பணிந்திருந்தது. மனுவேல் என்ற தளபதி கடல் வழியாக வந்து நகரைக் கைப்பற்றிக்கொண்டார். அம்ர் (ரலி) மீண்டும் படை நடத்தி அதை மீட்க அடுத்த ஆண்டு ஆயிற்று.

நம் வரலாற்று நூல்கள் ரோமர்கள் என்று சொல்வது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசை, அதாவது பைஸாந்தியத்தை. அந்தப் பேரரசு ஷாமை இழந்திருந்தது, எகிப்தை இழந்திருந்தது. ஆனால் கடலை இழக்கவில்லை. கரையில் எத்தனை காவல் போட்டாலும், எந்த இரவில் எந்தத் துறையில் அவர்கள் இறங்குவார்கள் என்று சொல்ல முடியாத நிலை. ஷாமின் ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களுக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. உமர் (ரலி) அவர்களிடம் கடற்படைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். ஹிம்ஸ் பகுதியிலிருந்து பார்த்தால் ரோமர்கள் அவ்வளவு அருகில் இருக்கிறார்கள், அவர்களுடைய நாய்கள் குரைப்பதுகூடக் கேட்கிறது என்று அவர்கள் எழுதியதாகத் தபரி பதிவு செய்கிறார்.

உமர் (ரலி) மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பைக் கடலைக் கண்ட அச்சம் என்று சிலர் எழுதுவது சரியல்ல. அதற்கு முன் அலா இப்னுல் ஹள்ரமி (ரலி) அனுமதி பெறாமல் பஹ்ரைனிலிருந்து கடல் கடந்து பாரசீகக் கரையில் படையை இறக்க, திரும்பும் வழி அடைபட்டு, பஸ்ராவிலிருந்து உதவிப் படை போய் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாத கடலில் பிறருடைய பிள்ளைகளை இறக்கிவிட அந்தக் கலீஃபாவின் மனம் ஒப்பவில்லை.

உஸ்மான் (ரலி) அனுமதித்தார்கள். ஆனால் நிபந்தனையோடு. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்கியும் எடுக்கக் கூடாது. விரும்பி வருகிறவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்க வேண்டும். இன்னொரு நிபந்தனை, முஆவியா (ரலி) தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. தம் வீட்டாரை ஏற்றத் துணியாத கப்பலில் பிறர் வீட்டாரை ஏற்றக் கூடாது என்றே இதை நாம் புரிந்துகொள்கிறோம்.

ஹிஜ்ரி 28-ல் (கி.பி. 649) கப்பல்கள் சைப்ரஸ் சென்றன. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களின் மனைவி உம்மு ஹராம் (ரலி) அதில் பயணித்தார்கள். கடலில் அறப்போருக்குச் செல்லும் முதல் கூட்டத்தில் அவர்களும் இருப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. கரையில் இறங்கி வாகனத்தில் ஏறும்போது கீழே விழுந்து அவர்கள் அங்கேயே இறந்தார்கள். லார்னகா நகரின் உப்பு ஏரிக்கரையில் அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. சைப்ரஸ் மக்கள் ஆண்டுதோறும் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ரோமர்களுக்குச் செலுத்தி வந்ததையும் தொடர்ந்து செலுத்தலாம் என்று அவர்களுக்கு விடப்பட்டது.

இந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் யார்? அரபுகளில் கடலோடிகள் இருந்தார்கள், யமனிலும் ஓமானிலும். ஆனால் மத்தியதரைக் கடலின் போர்க்கப்பல் வேறு வகை. அதன் தச்சர்கள், துடுப்பு வலிப்போர், பாய் கட்டுவோர் எல்லாரும் ஷாம் கடற்கரையின் கிறிஸ்தவர்களும் எகிப்தின் கிப்தியர்களும்தான். நேற்றுவரை ரோமப் பேரரசுக்குக் கப்பல் கட்டிய அதே கைகள். கொள்கை வேறுபாட்டுக்காக அப்பேரரசு அவர்களைப் பல தலைமுறைகளாக நெருக்கி வந்தது. கிப்தியர்களின் தலைமைக் குரு பென்யாமீன் பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்து, அம்ர் (ரலி) பாதுகாப்பு வாக்குறுதி அளித்த பிறகே வெளியே வந்தார். எனவே ரோமர்கள் தங்கள் முதல் கடற்போரில் தோற்றது மத்தியதரைக் கடலில் அல்ல, எகிப்தின் தேவாலயங்களில் என்பது நம் கருத்து.

(கப்பல் கட்டும் இடத்துக்கு அரபியில் தாருஸ் ஸினாஆ என்று பெயர். ஐரோப்பிய மொழிகளில் படைக்கலச் சாலையைக் குறிக்கும் ஆர்செனல் என்ற சொல் இதிலிருந்து போனதுதான். நாம் சொல்லும் மாலுமியும் முஅல்லிம் என்ற அரபிச் சொல்லின் வழி வந்தது.)

ரோமர்களின் முதல் பதில் அவசரமாக இருந்தது. ஷாமின் திரிப்போலியில் பெரும் கப்பற்படை தயாராகிக்கொண்டிருந்தபோது, இரண்டு கிறிஸ்தவச் சகோதரர்கள் சிறைக்கைதிகளைத் திறந்துவிட்டு, ஆளுநரைக் கொன்று, கப்பல்களைக் கொளுத்திவிட்டு ரோமர்களிடம் தப்பியோடினார்கள். ஆனாலும் தயாரிப்பு நிற்கவில்லை. ஹிஜ்ரி 34-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் தென்கரையில் இரண்டாம் கான்ஸ்டான்ஸ் பேரரசரே நேரில் படை நடத்தி வந்தார். நம் நூல்கள் ரோமர்களுக்கு ஐந்நூறு கப்பல்கள் என்றும் முஸ்லிம்களுக்கு இருநூறு என்றும் சொல்கின்றன. தளபதி அப்துல்லாஹ் இப்னு ஸஅத் அவர்களின் வீரர்கள் கப்பலோடு கப்பலைப் பிணைத்து, கடற்போரைத் தரைப்போராக மாற்றிக்கொண்டார்கள். வாளுக்கு வாள் என்று வந்ததும் ரோமர்களின் கடல் அனுபவம் பயன்படவில்லை. பேரரசர் வேறொருவருடன் உடை மாற்றிக்கொண்டு தப்பினார். பாய்மரங்கள் நெருங்கி நின்ற அந்தப் போர் தாத்துஸ் ஸவாரி என்று பெயர் பெற்றது.

அந்த வெற்றியின் பலன் முழுதாகக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே உஸ்மான் (ரலி) ஷஹீதாக்கப்பட்டார்கள். உள்நாட்டுக் குழப்பம் மூண்டது. முஆவியா (ரலி) ரோமர்களுக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளும் நிலை வந்தது. எதிரியால் செய்ய முடியாததை நாமே நமக்குச் செய்துகொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோமர்களின் இரண்டாவது பதில் நிதானமானது. பெரிய கப்பற்படைக்குப் பெரிய கப்பற்படை என்று போட்டியிடாமல், அதை அழிக்கும் கருவியைத் தேடினார்கள். கி.பி. 670-களில் காலினிகோஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு எரிதிரவத்தின் செய்முறையை அவர்களிடம் கொண்டுவந்தார். குழாய் வழியே பீய்ச்சினால் கப்பல் தீப்பற்றும். தண்ணீரில் மிதந்தபடியும் எரியும். அதன் சேர்மானத்தை இன்றுவரை யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. காலினிகோஸ் ஷாமின் பஅலபக்கைச் சேர்ந்தவர், முஸ்லிம் ஆட்சியிலிருந்து வெளியேறிச் சென்றவர். கிப்தியர்களை இழந்ததால் ரோமர்கள் கப்பலை இழந்தார்கள். இந்த ஒரு மனிதரை இழந்ததால் முஸ்லிம்கள் எத்தனை கப்பல்களை இழந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) கான்ஸ்டான்டிநோபிள் மதிலருகே இறந்து அடக்கமானது இக்காலப் படையெடுப்பில்தான். இறுதியில் முஆவியா (ரலி) முப்பதாண்டுச் சமாதானத்துக்கு இசைந்தார்கள்.

ரோமர்கள் ஹிஜ்ரி 53-ல் எகிப்தின் புருல்லுஸ் கரையைத் தாக்கினார்கள். மறு ஆண்டே நைல் நதியின் நடுவில் ரவ்ளா தீவில், கடல் எதிரிக்கு எட்டாத தூரத்தில் கப்பல் தளம் அமைந்தது. பின்னர் அப்துல் மலிக் ஆட்சியில் எகிப்திலிருந்து ஆயிரம் கிப்தியர்களைக் குடும்பத்தோடு அனுப்பி, துனிஸில் ஒரு தளம் உருவாக்கினார்கள்.

இந்தக் காலத்தை அறிய நமக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு சான்று உண்டு. எகிப்தின் மேற்பகுதியில், பழைய அஃப்ரோதித்தோ ஊரில், பாப்பிரஸ் கடிதக் குவியல் கிடைத்தது. ஹிஜ்ரி 90 முதல் 96 வரை எகிப்தை ஆண்ட குர்ரா இப்னு ஷரீக் அந்த ஊர் நிர்வாகி பசிலியோஸுக்கு அனுப்பிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. கப்பலுக்கு இத்தனை ஆள், இத்தனை தச்சர், இவ்வளவு ரொட்டி, இவ்வளவு எண்ணெய் என்று கேட்கிறார். கூலியும் குறிப்பிடப்படுகிறது. கூடவே, அனுப்பும் ஆள் ஓடிவிட மாட்டான் என்று ஊர்க்காரர்கள் கிப்திய மொழியில் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரங்களும் உள்ளன. ஆப்பிரிக்கா போன கப்பலிலிருந்து எத்தனை பேர் திரும்பினார்கள், மற்றவர்கள் ஏன் திரும்பவில்லை என்று விசாரிக்கும் கடிதமும் உண்டு. உஸ்மான் (ரலி) விதித்த நிபந்தனை முஸ்லிம் வீரர்களைப் பற்றியது, கிப்தியத் துடுப்பாளிகளைப் பற்றியது அல்ல என்று வாதிடலாம். சட்ட வாசகமாகப் பார்த்தால் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விருப்பமில்லாதவனைக் கடலுக்கு இழுத்துப் போகாதீர்கள் என்ற அந்த எச்சரிக்கை எவ்வளவு நடைமுறை அறிவு கொண்டது என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது.

கி.பி. 715 வாக்கில் டமாஸ்கஸுக்கு வந்த ரோமத் தூதர், பெரும் படையெடுப்பு தயாராகிறது என்ற செய்தியோடு திரும்பினார். பேரரசர் இரண்டாம் அனஸ்தாசியோஸ் செய்தவை இன்றும் பாடமாக வைக்கத் தக்கவை. மூன்றாண்டு உணவைச் சேமிக்க முடியாதவர்கள் தலைநகரை விட்டு வெளியேறுமாறு அறிவித்தார், களஞ்சியங்களை நிரப்பினார், கடல் மதிலைச் செப்பனிட்டார். முஸ்லிம் கப்பல்களுக்கு வெட்டிக் குவித்த மரத்தை அது கப்பலாகும் முன்பே எரிக்க ஒரு படையை அனுப்பினார். ஆனால் அந்தப் படை ரோட்ஸ் தீவில் கலகம் செய்து, தன் தலைவரைக் கொன்று, திரும்பி வந்து பேரரசரையே பதவியிலிருந்து இறக்கியது. அவர் நிரப்பிய களஞ்சியமும் செப்பனிட்ட மதிலும் அவருக்குப் பின் வந்த மூன்றாம் லியோவுக்குப் பயன்பட்டன.

717 ஆகஸ்டில் மஸ்லமா இப்னு அப்துல் மலிக் தலைமையில் முற்றுகை தொடங்கியது. எரிதிரவமும் கடும் பனியும் முதல் படையை வாட்டின. வசந்தத்தில் எகிப்திலிருந்து நானூறு கப்பல்களும் ஆப்பிரிக்காவிலிருந்து முந்நூற்று அறுபது கப்பல்களும் உணவும் ஆயுதமும் ஏற்றி வந்து, தீக்கு அஞ்சி எதிர்க்கரையில் மறைவாக நின்றன. ஓரிரவு அவற்றிலிருந்த கிப்திய மாலுமிகள் சிறு படகுகளை இறக்கி நகருக்குத் துடுப்பு வலித்து, பேரரசருக்கு வாழ்த்துக் கூவியபடி போய்ச் சேர்ந்தார்கள். மறைவிடம் தெரிந்ததும் ரோமர்களின் தீக்கப்பல்கள் வந்தன.

புதிய கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) படையைத் திரும்ப அழைத்தார்கள். 718 ஆகஸ்டில் முற்றுகை விலகியது. திரும்பும் வழியில் புயல் மீதிக் கப்பல்களைச் சிதறடித்தது. தப்பியவை பத்தே என்று நூறாண்டுக்குப் பின் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் தியோஃபனீஸ் கூறுகிறார். அவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர், எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கிப்தியர்கள் படகில் ஏறிய அந்த இரவைப் பற்றி அவர் எழுதியதையும் அஃப்ரோதித்தோவின் ஜாமீன் பத்திரங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, அவரை நம்பாமல் இருக்க நமக்குக் காரணம் தென்படவில்லை.