ஔவை கண்ட சக்கரம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பெருஞ்சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே வந்தால் அதியமான்கோட்டை. கோட்டையைப் பெயரில்தான் முழுசாகப் பார்க்கலாம். தரையில் மண் மேட்டின் சுவடுகளே மிச்சம். பழைய ஓவியங்கள் உள்ள சென்னராயப் பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. மற்றபடி லாரிகளின் இரைச்சல்.

அதியமான் என்றதும் நமக்கு நெல்லிக்கனி ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கனியில் பங்கு உண்டு. அவன் வெறும் கதை மனிதன் என்று ஒதுக்கவும் இப்போது வழியில்லை. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்லுவதோடு, அசோகனுடைய கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்கையும் தீர்த்து வைத்தது. ஆனால் நான் பேச நினைப்பது அரசனைப் பற்றி அல்ல. ஔவையின் பாட்டில் அவனோடு கூட வந்து நிற்கும் ஒரு தச்சனைப் பற்றி.

புறநானூற்றில் 87-ஆம் பாட்டு. பகைவர்களைப் பார்த்து, போர்க்களத்துக்குள் கால் வைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறாள் ஔவை. எங்களிடம் ஒரு வீரன் இருக்கிறான். அவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கும் தச்சன், ஒரு மாதம் முழுதும் உட்கார்ந்து உருவாக்கிய ஒற்றைச் சக்கரம் போன்றவன்!

உரைகாரர்கள் இதை அரசனுடைய வலிமைக்குச் சொன்ன உவமை என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். எனக்கென்னவோ, உண்மையான புகழ்ச்சி தச்சனுக்குப் போய்விட்டதாகவே தோன்றுகிறது. தேர் என்றால் கொடிஞ்சியும் அலங்காரமுமாகக் கண்ணைப் பறிப்பது. அதில் எட்டை ஒரே நாளில் முடித்துவிடலாம். சக்கரத்துக்கு மட்டும் ஒரு மாதமா? கவிதைக்குரிய மிகை இருக்கட்டும். எது சுலபம், எது கஷ்டம் என்பதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்தவள்தான் இப்படிச் சொல்லியிருக்க முடியும்.

சக்கரம் அப்படி ஒரு பொல்லாத பொருள். நம் ஊர்க் கட்டை வண்டிச் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெயிலில் சுருங்கி ஆரக்கால் ஆடும். குடத்தில் துளைகள் ஒரே இடைவெளியில் விழவேண்டும். ஆரக்கால்கள் ஒரே நீளமாக இருக்கவேண்டும். வட்டைகள் ஒன்றோடொன்று கூடி வட்டமாக வேண்டும். பிறகு இரும்புப் பட்டாவைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, மாட்டி, தண்ணீரை ஊற்றுவார்கள். அது சுருங்கி அத்தனையையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். இதில் எங்கே நூலளவு பிசகினாலும், வண்டி தன் ஆயுள் முழுதும் அந்தப் பிசகைச் சொல்லிக்கொண்டே போகும்.

இன்னொரு பாட்டு, 102-ஆவது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி, நுகத்துக்குப் பழகாத இளங்காளைகள், பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சேம அச்சு போன்றவனாம் இளவரசன். தகப்பனுக்குச் சக்கரம், பிள்ளைக்கு அச்சு! தெற்கே தொப்பூர்க் கணவாயில் லாரிகள் மூச்சு வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உமணர்களின் கவலை புரியும்.

ஔவை காலத்து வண்டியில் ஒரு தொல்லை மட்டும் இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில். திரும்புவது மாட்டின் பொறுப்பு. நம் கோயில் தேர்களுக்கும் திரும்பத் தெரியாது; முட்டுக்கட்டை போடுகிற ஆசாரிதான் மாட வீதி முனையில் அதைத் திருப்புகிறார். முன் சக்கரங்களே திரும்பவேண்டும் என்று மனிதன் ஆசைப்பட்டபோதுதான் புதுச் சங்கடம் பிறந்தது. அச்சை முழுசாகத் திருப்பினால் வண்டி குடைசாயப் பார்க்கும். மூனிச் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் 1816 வாக்கில் வேறு வழி கண்டார். அச்சை அசையாமல் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி முளையில் திருப்பி, இரண்டையும் ஒரு தண்டால் இணைத்தார். லண்டனில் அவருக்காக 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் ஆக்கர்மன் பெயர்தான். தச்சன் பெயரை மறப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல போலும்!

இந்த ஏற்பாடு மோட்டார் காருக்கு வந்தது. மிதித்து ஓட்டும் வண்டிக்கும் வந்தது. 1881-ல் விக்டோரியா ராணியே கவென்ட்ரி நகரத்து ஸ்டார்லியின் மூன்று சக்கர சைக்கிளை விரும்பி வாங்கியதாகச் சொல்வார்கள். மல்லாந்து சாய்ந்து மிதிக்கும் சைக்கிளும் புதிதல்ல. 1933-ல் பிரான்சில் ஃபோர் என்பவர் அப்படிச் சாய்ந்தபடியே ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிப் பழைய சாதனையை முறியடித்தார். மறு வருஷமே சைக்கிள் சங்கத்தார் அந்த வகை வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு, படுத்து ஜெயிப்பவனைப் பிடிக்குமா?

இன்று அந்த வண்டி, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றுமாக, மூன்று காலில் ஓடுகிறது. சென்னையின் மீன்பாடி வண்டியும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றுதான். ஆனால் அதில் முன் பாகமே மொத்தமாகத் திரும்பும். சக்கரங்களுக்குள் சண்டை வராது. இதிலோ சக்கரங்கள் தனித்தனி. ஒன்று கிழக்கே பார்த்து மற்றொன்று சற்றே மேற்கே பார்த்தால் என்ன ஆகும்? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் குறுக்களவு சுமார் 500 மில்லிமீட்டர். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் 10 மில்லிமீட்டர் வித்தியாசப்படுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சக்கரமும் நூற்றில் ஒரு பங்கு கோணல். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒவ்வொரு டயரும் 10 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது! மிதிக்கிறவன் கால் வலிக்கிறது என்பான். டயர்க்காரன் சரக்கு மட்டம் என்று திட்டு வாங்குவான். குற்றவாளி அந்தப் பத்து மில்லிமீட்டர்.

அதைப் பிடிக்கும் விதம் அழகானது. சமதளமான தரை, டயரில் நிறையக் காற்று, ஆசனத்தில் ஆள். ஆள் ஏறினால் சட்டம் சற்று வளையும், சக்கரத்தின் நிலையும் மாறும். ஆகையால் வெறும் வண்டியை அளந்து பயனில்லை. கைப்பிடி நேராக இருக்க, இரு டயர்களின் முன்பக்கத்திலும் குடத்தின் உயரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து, இடைவெளியை அளக்கவேண்டும். பிறகு வண்டியை மெல்ல முன்னே உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்கவேண்டும். புள்ளியை ஏன் மாற்றக் கூடாது? சக்கரமே லேசாகக் கோணியிருந்தால், வேறு வேறு இடத்தில் அளக்கும்போது சக்கரத்தின் கோணலைத் திசையின் கோணல் என்று எண்ணிவிடுவோம். ஒரே புள்ளியை அளந்தால் அந்த ஏமாற்று நடக்காது.

முன் இடைவெளி பின் இடைவெளியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருப்பதே பொதுவாக நல்லது. ஓடும்போது மூட்டுகளின் தளர்ச்சியில் சக்கரங்கள் கொஞ்சம் விரியும். அதற்கு இடம் விட்டுவைக்கிறோம். சரியான அளவு எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். செய்தவர் சொல்லை மதிக்கவேண்டும். திருத்துவதற்கு இணைப்புத் தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனையில் வலப்புரி மரை, மறு முனையில் இடப்புரி மரை. இரண்டு பக்கத்துப் பூட்டு நட்டுகளையும் தளர்த்தி, தண்டைக் கால் சுற்றுத் திருப்பினால், முனைகள் இரண்டும் சேர்ந்தாற்போல் நீளும் அல்லது குறுகும். தண்டுகள் இரண்டு உள்ள வண்டியானால் இரண்டையும் ஒரே அளவு திருப்பவேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேரே போகும்போது கைப்பிடி கோணலாக நிற்கும்.

நட்டுகளை இறுக்கும்போது தண்டு தானாகச் சற்றுத் திரும்பிவிடுவது வழக்கம். ஆகவே இறுக்கிய பிறகு ஆளை மறுபடி ஏற்றி, புள்ளியை முன்னே கொண்டுவந்து, முதலிலிருந்து இன்னொரு தரம் அளக்கவேண்டும்.