சின்னம்மா விலகுவாரா? பிப்ரவரி 2017-ல் ஒரு பத்து நாள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். யார் வேட்பாளர் என்று கட்சிக்காரர்கள் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த நேரத்தில் ஒரு வேட்பாளர் மேல் ஏதாவது புகார் கிளம்பினால் உடனே 'இவர் விலகுவாரா, மாட்டாரா?' என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். 1987-ல் ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருந்தவர் கேரி ஹார்ட். அவருடைய தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றி மே 3-ம் தேதி மயாமி ஹெரால்டு பத்திரிகை செய்தி போட்டது. மே 8-ம் தேதி ஆள் விலகிவிட்டார். நடுவில் ஐந்தே நாள். டிசம்பரில் மனசு மாறித் திரும்பி வந்தார், மக்கள் கண்டுகொள்ளவில்லை, 1988 மார்ச்சில் மறுபடியும் விலகினார்.

நம்ம ஊரில் அப்படி ஒரு உட்கட்சித் தேர்தல் கிடையாது. ஆனால் சென்னைவாசிகள் பத்து நாள் முழுக்க 'விலகுவாரா?' என்று டிவியையும் வாட்ஸப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலம் உண்டு. 2017 பிப்ரவரி 5 முதல் 14 வரை. போயஸ் கார்டன், கிரீன்வேஸ் சாலை, கிண்டி ராஜ்பவன், மெரினா என்று மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடக்கூடிய இடங்களுக்குள்ளேயே பாதிக் கதை நடந்தது. மீதிக் கதை கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூவத்தூரில்.

முதலில் பின்னணி. 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா காலமானார். அன்று நள்ளிரவு தாண்டி ஓ.பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றார். டிசம்பர் 29-ல் வானகரத்தில் அ.தி.மு.க. பொதுக்குழு கூடி வி.கே.சசிகலாவைப் பொதுச்செயலாளர் ஆக்கியது. நவம்பரில் செல்லாத நோட்டு, டிசம்பரில் வர்தா புயல், ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் என்று ஊர் ஏற்கெனவே ஒரு நிலையில் இல்லை. அப்போதுதான் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பெயரை முன்மொழிந்தவரே பன்னீர்செல்வம்தான். ராஜினாமா கடிதமும் கொடுத்துவிட்டார்.

சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் பதவியேற்புக்கு ஏற்பாடுகள் நடக்க ஆரம்பித்தன. மேற்கு மாம்பலத்துக்காரரான கிரிக்கெட் வீரர் அஸ்வின், தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு 234 வேலைவாய்ப்புகள் வரப்போகின்றன என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதினார். 234 என்பது சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை. ஊரே சிரித்தது. அரசியல் இல்லை என்று அவர் அப்புறம் விளக்கம் சொன்னது வேறு விஷயம்.

சிக்கல் எங்கே இருந்தது? சொத்துக்குவிப்பு வழக்கில். 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தில் வருமானத்துக்கு அதிகமாக 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்ததாக ஜெயலலிதா, சசிகலா, சுதாகரன், இளவரசி ஆகிய நான்கு பேர் மேலும் வழக்கு. 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நாலு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தார். 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜூனில் விசாரணை முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கப்புறம் எட்டு மாசம் சத்தமே இல்லை.

இப்போது தேதிகளைக் கவனிக்க வேண்டும். சசிகலா தேர்வானது பிப்ரவரி 5. மறுநாள், பிப்ரவரி 6, கர்நாடகத் தரப்பு வழக்கறிஞர் ஞாபகப்படுத்தியபோது, ஒரு வாரம் பொறுங்கள் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்துதான் ஊகங்கள் கிளம்பின. விலகிவிட்டு வேறு ஒருவரை நிறுத்துவாரா? செங்கோட்டையனா, எடப்பாடி பழனிசாமியா, தினகரனா? ஆளுநர் வித்யாசாகர் ராவ் ஏன் மும்பையிலேயே இருக்கிறார்? (அவர் மகாராஷ்டிர ஆளுநர், தமிழ்நாடு கூடுதல் பொறுப்பு.) டீக்கடை பெஞ்சில் ஆளுக்கு ஒரு பட்டியல் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி ஊகம் அந்தக் கட்சிக்குப் புதுசே இல்லை. 1989 மார்ச்சில் ஜெயலலிதா எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்வதாக எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம், சசிகலாவின் கணவர் நடராஜன் வீட்டில் நடந்த போலீஸ் சோதனையில் சிக்கி வெளியே வந்தது. அனுப்பாத கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று அன்று பெரிய சண்டை. 2001-ல் இன்னும் பெரிசு. டான்சி வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் நான்கு தொகுதிகளிலும் ஜெயலலிதாவின் மனு தள்ளுபடி. ஆனாலும் கட்சி ஜெயித்ததால் ஆளுநர் பாத்திமா பீவி அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். செப்டம்பர் 21-ல் அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவர், 'ஆறு மாசத்துக்குள் ஜெயித்துக்கொள்ளலாம்' என்ற சலுகையில் முதல்வர் ஆக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அன்று நாற்காலியைக் காத்தவர் பன்னீர்செல்வம். 2014-லும் அவரே. 2016 டிசம்பரிலும் அவரே. மூன்று தடவை.

ஆக, 2017-ல் சசிகலாவுக்கு முன்னால் இருந்த கணக்கு ரொம்ப சிம்பிள் போலத் தெரிகிறது. பன்னீர்செல்வத்தை இன்னும் பத்து நாள் உட்கார விட்டிருந்தால் போதும். விடுதலை என்று தீர்ப்பு வந்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் பதவியேற்கலாம். தண்டனை என்றால், முதல்வர் வேட்பாளர் என்ற பெயரே வராமல் பொதுச்செயலாளராகத் தொடர்ந்து ஆட்டி வைக்கலாம். ஏன் பொறுக்கவில்லை?

அன்று பலரும் சொன்ன காரணம் அவசரம், பேராசை. அது பாதி உண்மையாக இருக்கலாம். மற்ற பாதி ஜனவரியில் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் ஜனவரி 21-ல் வந்தது, 23-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. கடைசி நாள் மெரினாவில் தடியடி நடந்து கெட்ட பெயர் வந்தாலும், 'டெல்லிக்குப் போய் சட்டம் வாங்கி வந்தவர்' என்று பன்னீர்செல்வத்துக்கு முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பெயர் கிடைத்திருந்தது. காவல் காக்க உட்கார்ந்தவர் வீட்டுக்காரர் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டார். எட்டு மாசமாக வராத தீர்ப்பு அடுத்த வாரமே வரும் என்று பிப்ரவரி 5-ம் தேதி யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7 இரவு ஒன்பது மணி வாக்கில் பன்னீர்செல்வம் மெரினாவுக்குப் போய் ஜெயலலிதா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். சுமார் நாற்பது நிமிஷம். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள், மக்கள் விரும்பினால் வாபஸ் வாங்குவேன் என்றார். அன்றிரவே அவரைக் கட்சிப் பொருளாளர் பதவியிலிருந்து தூக்கினார்கள். மறுநாளிலிருந்து கிரீன்வேஸ் சாலையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். மதுசூதனன் வந்தார், மாஃபா பாண்டியராஜன் வந்தார், எம்.பி.க்கள் வரிசையாக வந்தார்கள். எம்.எல்.ஏ.க்கள்தான் வரவில்லை. அவர்களை பஸ்ஸில் ஏற்றி, சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி கூவத்தூர் ரிசார்ட்டில் வைத்திருந்தார்கள்.

9-ம் தேதி ஆளுநர் சென்னை வந்தார். சாயங்காலம் பன்னீர்செல்வத்தைப் பார்த்தார், இரவு சசிகலாவைப் பார்த்தார். முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆர்.கே.நகர் காலியாக இருந்ததால் 233 பேரில் 117 பேர் வேண்டும். அது சசிகலாவிடம் இருந்தது. இதில் ஆளுநர் செய்தது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். பெரும்பான்மை இருக்கிறவரைக் கூப்பிடுவதுதான் வழக்கம், வரப்போகிற தீர்ப்பை எண்ணிக் காத்திருக்கச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு கட்சி. 2001-ல் அவசரப்பட்டு ஆளுநர் பட்ட பாடு போதாதா என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்பு ஆட்களையும் ஒரே நேரத்தில் சபையில் எண்ணிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. 1998-ல் உத்தரப்பிரதேசத்தில் கல்யாண் சிங், ஜகதாம்பிகா பால் இருவருக்கும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செய்யச் சொன்னது. தீர்ப்பு முந்திக்கொண்டதால் இங்கே அதற்கு வேலை இல்லாமல் போனது. தாமதம் பன்னீர்செல்வத்துக்கு ஆள் பிடிக்க நேரம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. அவரால் பிடிக்க முடியவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

பிப்ரவரி 14 காலை நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் தீர்ப்பைப் படித்தார்கள். டி'குன்ஹாவின் தண்டனை உறுதி. நாலு வருஷம் சிறை, பத்து கோடி அபராதம், விடுதலைக்குப் பிறகும் ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. கூவத்தூரில் இருந்த சசிகலா அன்றே எடப்பாடி பழனிசாமியைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வைத்தார். மறுநாள் சரணடைய அவகாசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. போகிற வழியில் ஜெயலலிதா சமாதியில் கையால் மூன்று முறை அடித்துச் சபதம் எடுத்துவிட்டு பரப்பன அக்ரஹாரா போனார். 16-ம் தேதி எடப்பாடி முதல்வர். 18-ம் தேதி தி.மு.க.வினரை வெளியேற்றிய பிறகு நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11.

இந்த 122-ஐத்தான் யோசிக்க வேண்டும். அன்றைய மீம்ஸ் எல்லாம் கூவத்தூர் எம்.எல்.ஏ.க்களை சின்னம்மாவின் அடிமைகள் என்றே கிண்டல் செய்தன. அடிமைகள் எஜமானர் ஜெயிலுக்குப் போன ஆறாவது மாசமே அணி மாறுவார்களா? 2017 ஆகஸ்ட் 21-ல் எடப்பாடியும் பன்னீர்செல்வமும் கை கோர்த்தார்கள். செப்டம்பர் 12-ல் பொதுக்குழு கூடி சசிகலாவின் பொதுச்செயலாளர் நியமனத்தையே ரத்து செய்தது. அந்த எம்.எல்.ஏ.க்கள் விசுவாசமாக இருந்தது ஒரு நபருக்கு இல்லை, 2021 மே வரை பாக்கி இருந்த நாலு வருஷத்துக்கு. பன்னீர்செல்வம் பக்கம் போனால் ஆட்சி கவிழலாம், தேர்தல் வரலாம். அதனால் கூவத்தூரின் கதவைத் திறந்து விட்டிருந்தாலும் பெரும்பாலானவர்கள் அங்கேயேதான் இருந்திருப்பார்கள் என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது.

அமெரிக்க வேட்பாளர் விலகுவது ஓட்டும் பணமும் வற்றும்போது. கேரி ஹார்ட்டுக்குக் கருத்துக் கணிப்பும் நன்கொடையாளரும் பதில் சொன்னார்கள். இங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் இருந்தார்கள். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இருந்த ஒரு சாதாரண அ.தி.மு.க. தொண்டரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிரீன்வேஸ் சாலையில் கூடிய ஜனங்களின் எண்ணிக்கை ராஜ்பவனில் செல்லுபடி ஆகாது.

ஆனால் மக்களிடம் கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஓட்டுப் போடும் வாய்ப்பு ஆர்.கே.நகருக்கு மட்டும் கிடைத்தது. ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாகி, டிசம்பர் 21-ல் நடந்தது. அங்கே நின்ற மதுசூதனனை, பன்னீர்செல்வம் பக்கம் முதலில் வந்த அதே மதுசூதனனை, குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்தார். சசிகலாவின் அக்கா மகன்.

2021 ஜனவரி 27-ல் சசிகலா விடுதலையானார். பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து காரில் கிளம்பி, வழியெல்லாம் வரவேற்பு வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு நாள் கழித்து தி.நகர் ஹபிபுல்லா சாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தேர்தலில் என்ன செய்யப்போகிறார் என்று மறுபடியும் ஊகங்கள். மார்ச் 3-ம் தேதி இரவு ஒரு அறிக்கை வந்தது: அரசியலிலிருந்து ஒதுங்கி இருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரே எதிர்பார்த்த அந்த விலகல், அன்று யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்தது. அக்டோபர் 16-ல் அவர் மறுபடி மெரினாவுக்குப் போனார். இந்தத் தடவை சமாதியில் அடிக்கவில்லை. அழுதார்.