வழிந்த முகவரிகள்

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், புது ரகங்களைப் பற்றி ஆயிரம் ஜவுளி வியாபாரிகளுக்கு மெயில் அனுப்புகிறார் என்று வையுங்கள். பாதி, ‘ஸ்பாம்’ பெட்டியில் போய் விழுகிறது. பாவம், அவர் என்ன தப்பு செய்தார்?

வினை விதைத்தவர் வேறு ஆள்! 1978 மே மாதம், அமெரிக்காவின் ‘டிஜிட்டல் எக்விப்மென்ட்’ கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க், அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டார். முகவரிகளுக்கு இடம் போதாமல், மிச்சம் கடிதத்துக்குள்ளேயே வழிந்தது. ‘ராணுவம் நடத்தும் நெட்வொர்க்கில் விளம்பரமா?’ என்று மேலிடம் காய்ச்சி எடுத்தது. துர்க் அசரவில்லை. ‘சரக்கு நன்றாக விற்றதே!’ என்று பின்னாளில் பெருமையடித்துக்கொண்டார்.

அதே ருசியில் வந்தவர்கள் பொய்ப் பெயரிலும் அனுப்பத் தொடங்க, கதவுகள் இறுகின. எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று டொமைனில் எழுதிவைப்பது ‘எஸ்பிஎஃப்’. கடிதத்துக்குக் கடிதம் டிஜிட்டல் முத்திரை குத்துவது ‘டிகேஐஎம்’. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில்காரர்களுக்கு தினம் 5,000 அனுப்புகிறவருக்கு இரண்டுமே கட்டாயம். நம்ம தறிக்காரர் ஆயிரத்தோடு நிறுத்தினாலும், ஒன்றாவது இருந்தே ஆகவேண்டும்!