கரிமருந்து: இடிப்பதா, வாங்குவதா?

மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரி இறங்கினால் போதும், காலையில் போய்ப் பார்க்கும்போது கொல்லை உழுதுபோட்டது மாதிரி கிடக்கும். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மானாவாரி செய்தவர்கள் எல்லோரும் இதை அனுபவித்தவர்கள்தான். அதனால்தான் சில வீடுகளில் ஒத்தைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி இருந்த வீட்டில் அதற்கு மருந்து எங்கிருந்து வருவது என்ற கேள்வியும் இருந்தது. வீட்டிலேயே இடித்துக்கொள்வதா, லைசென்ஸ் கடையில் வாங்குவதா? வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி உரிமப் பதிவேடுகளைக் கையாண்டிருக்கிறேன். என் அப்பாவிடமும் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தது. இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நம் ஊர் வெடிமருந்துக்குப் புதிதல்ல. கிழக்கே செஞ்சி, மேற்கே திருவண்ணாமலை, நடுவில் கீழ்பென்னாத்தூர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. ராஜகிரி உச்சியில் இன்றும் வெடிமருந்துக் கிடங்கைப் பார்க்கலாம். 1767 செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்திலும், அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு மோதினார்கள். அந்தக் காலத்துச் சிப்பாய்க்குத் தோட்டா என்பது காகிதத்தில் மருந்தும் குண்டும் வைத்துக் கையால் சுருட்டிய பொட்டலம். படை வீட்டில் ஆட்கள் உட்கார்ந்து சுருட்டினார்கள். ஆலையில் செய்து பெட்டியில் அடைத்து வாங்குவது பின்னால் வந்த வழக்கம்.

அந்த மருந்துக்கு வேண்டிய சரக்கில் கந்தகம் மட்டுந்தான் வெளியிலிருந்து வர வேண்டும். கரி எங்கும் கிடைக்கும். வெடியுப்பை உள்ளூர் மண்ணிலிருந்தே எடுத்தார்கள். தமிழ்நாட்டில் உப்பிலியர் என்று அழைக்கப்பட்ட சமூகத்தாரின் தொழில் அது. பழைய ஊர் மேட்டிலும் மாட்டுத்தொழுவ ஓரத்திலும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்து, பானையில் நீர் ஊற்றி வடித்து, காய்ச்சி, ஆறவைத்து உப்பு கட்ட வைப்பார்கள். கூடவே வந்துவிடும் சாதா உப்பைப் பிரிப்பதில்தான் கைத்திறன். அது சரியாகப் பிரியாவிட்டால் மருந்து ஈரம் இழுக்கும். ஐப்பசி அடைமழையில் துப்பாக்கி புகைந்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

வெள்ளைக்காரன் ஆட்சி வேரூன்றியபோது ஆயுதம் குடியானவன் கையை விட்டுப் போகத் தொடங்கியது. பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் தெற்கே கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்தார்கள். லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது. பிபின் சந்திர பால் அதில் பேசினார். அந்தச் சட்டத்தால் ஆயுதத்தோடு மருந்து, தோட்டா செய்வதற்கும் அனுமதி வேண்டும் என்று ஆனது. இடிப்பதா வாங்குவதா என்பது அதுவரை வீட்டுக் கணக்கு. அன்றிலிருந்து அது சர்க்கார் கணக்காகிவிட்டது.

அதற்குள் உலகில் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி பழசாகி, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. எஸ்டேட் துரைமார்களும் ஜமீன்தார்களும் இங்கிலாந்திலிருந்து வந்த தோட்டாக்களை வாங்கினார்கள். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எறியாமல், அடியில் பொறி கொடுக்கும் கேப்பை மாற்றி, மருந்தும் ரவையும் நிரப்பி மறுபடி பயன்படுத்துவதும் அந்தக் கால வேட்டைக்காரர்களின் பழக்கம். அமெரிக்காவில் இது பெரிய வழக்கமாகவே வளர்ந்தது. 1884இல் தொடங்கிய ஐடியல் என்ற கம்பெனி வீட்டில் தோட்டா நிரப்பும் கருவிகளை விற்றது. பிஸ்டல் வைத்திருப்பவர் பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பினால் எவ்வளவு மிச்சம் என்று அங்கே இன்றும் கணக்குப் போடுகிறார்கள். தோட்டாவில் விலை கூடிய பகுதி அந்தக் கூடுதான் என்பதால் அவர்கள் கணக்கு நியாயமானது.

நம் விவசாயிக்குத் தோட்டாத் துப்பாக்கியே எட்டவில்லை. அவன் கையில் இருந்தது கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. அப்பா சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழலை நிமிர்த்தி, கொம்பில் இருந்த மருந்தை அளந்து ஊற்றுவார். தேங்காய் நாரைப் பந்தாக உருட்டி உள்ளே விட்டு, இரும்புக் கம்பியால் கெட்டிப்பார். பன்றியை விரட்ட மட்டும் என்றால் அதோடு சரி, ரவையே போடமாட்டார். சத்தமும் புகையும் போதும். கேப்பை எப்போதும் கடைசியில்தான் வைப்பார், அதுவும் கொல்லைக்குப் போன பிறகு. அவர் மருந்தைக் கடையில்தான் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, “கடை மருந்துன்னா எவ்வளவு போட்டா எவ்வளவு உதைக்கும்னு தெரியும்டா. இடிச்ச மருந்து ஒருநாள் இருக்கிற மாதிரி ஒருநாள் இருக்காது” என்றார். வீட்டில் இடித்தவர்களும் இருந்தார்கள். கூரை வீடு, பக்கத்தில் அடுப்பு, உலக்கை. ஒரு பொறி போதும். கையில் விரல் குறைந்தவர்களை ஊரில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாங்குவது லேசில்லை. 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகும் வரை எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் வேலூரில்தான். புதுப்பிக்க வேண்டும் என்றால் கிராம அலுவலர் சான்று, தாசில்தார் விசாரணை, போலீஸ் ரிப்போர்ட், அதற்குமேல் வேலூர் பஸ். லைசென்ஸ் புக்கில் எழுதிய அளவுக்கு மேல் கடைக்காரர் ஒரு பிடி மருந்தும் தரமாட்டார். காட்டுப்பன்றி அந்த அளவைப் பார்த்து வருமா? கையில் காசும் இல்லாமல், போய்வர நாளும் இல்லாமல் இருந்தவன்தான் உலக்கையை எடுத்தான். அவனைக் குற்றவாளி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு விவசாயியை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்டால், வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி வைத்தது. 5ஆம் பிரிவோ உரிமம் இல்லாமல் ஆயுதமோ வெடிபொருளோ செய்யக் கூடாது என்றது. சுருங்கச் சொன்னால், துப்பாக்கி வைத்துக்கொள், மருந்தைக் கடையில் வாங்கு. 1904இலேயே அரவங்காட்டில், புகையில்லா வெடிமருந்தான கார்டைட் செய்யும் ஆலை உற்பத்தி தொடங்கியிருந்தது. புனேவை அடுத்த கட்கி ஆலையின் சக்திமான் தோட்டாக்கள் நாடெங்கும் கடைகளுக்கு வந்தன. வீட்டில் செய்வதற்கான காரணம் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

இந்த மாற்றத்தில் அதிகம் இழந்தவர்கள் நரிக்குறவர்கள். தங்கள் துப்பாக்கியைத் தாங்களே பழுது பார்த்து, மருந்தும் தாங்களே சேர்த்து வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் வேட்டையை நிறுத்தியது. காட்டுக்கு அது தேவைதான். ஆனால் பிழைப்பு போனவர்களுக்கு மாற்று வழி உடனே வரவில்லை. ஊசியும் பாசியும் விற்றுக் காலம் தள்ளினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.

இன்று பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி அருகிவிட்டது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வரும் அலைச்சலே போதும் என்று பலர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பன்றி மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது.

மருந்து வீட்டை விட்டு வெளியேறியது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இடிக்காதே என்று சொன்ன அரசு, அதற்கு ஈடாகப் பயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது சரியில்லை. இன்று அந்தப் பொறுப்பை வனத்துறை ஏற்றிருக்கிறது என்றால், தகவல் சொன்ன ராத்திரியே ஆள் வர வேண்டும். வராவிட்டால் மின்வேலி போடுகிறான் விவசாயி. அது பன்றியோடு மனிதனையும் கொல்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தாலுகா ஆபீஸ்களில் பழைய துப்பாக்கி உரிமப் பதிவேடுகள் கரையான் அரித்துக் கிடக்கின்றன. எந்த ஊர், என்ன துப்பாக்கி, எந்தப் பயிருக்காக, எவ்வளவு மருந்து என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் எப்போது காடு இருந்தது, எது எப்போது கொல்லையானது என்பதை அதிலிருந்தே எழுதலாம். காலக்கெடு முடிந்தது என்று அவற்றை எரித்துவிடாமல், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்த வட்டாரத்துச் சம்சாரி தன் கொல்லையை எப்படிக் காத்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.